ஒலிச் சிற்பம்

ஒலிச் சிற்பம் என்பது பார்ப்பதற்காக மட்டுமன்றி ஒலி எழுப்புவதற்காகவும் உருவாக்கப்படும் சிற்பம் அல்லது நிறுவல் கலைப்படைப்பு ஆகும். காற்று, நீர், மின்னோடி ஆகியவற்றால் தானாக ஒலிக்கும் சிற்பங்களும், பார்வையாளர் தட்டியோ தேய்த்தோ மீட்டியோ ஒலிக்கச் செய்யும் சிற்பங்களும் இதில் அடங்கும். பின்னது ஊடாடும் ஒலிச் சிற்பம் எனப்படும். இக்கட்டுரை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையையே விளக்குகின்றது.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த பெர்னார் பாஷே, பிரான்சுவா பாஷே ஆகிய சகோதரர்கள் இக்கலையின் முன்னோடிகளுள் முக்கியமானவர்கள். இவர்களின் படைப்புகளால் ஈர்க்கப்பட்டு ஸ்பெயினிலும் ஜப்பானிலும் கலைக் கல்லூரி மாணவர்கள் புதிய ஒலிச் சிற்பங்களை உருவாக்கியும் பழையவற்றைச் சீரமைத்தும் வந்துள்ளனர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லிலும் கிராமப்புற இளைஞர்களின் உழைப்பில் இவ்வகைப் படைப்புகள் உருவாகின்றன.

ஊடாடும் ஒலிச் சிற்பத்துக்குத் தனித்ததொரு சிக்கல் உண்டு. தொடுவோர் இல்லாவிட்டால் அது வெறும் உலோகமோ கல்லோ மட்டுமே. தொடுவோர் மிகுந்தால் அது தேய்கிறது, உடைகிறது. இச்சிக்கலைப் பல இடங்களில் சிற்பத்தைச் சுற்றி வேலியிட்டுத் தீர்த்துள்ளனர். சில இடங்களில் மட்டும் அதைச் செய்யவும் பழுதுபார்க்கவும் அறிந்த இளைஞர்களை உருவாக்கித் தீர்க்க முயன்றுள்ளனர்.

வரையறை

இசைக்கருவிக்கும் ஒலிச் சிற்பத்துக்கும் இடையே தெளிவான எல்லைக்கோடு இல்லை. இசைக்கருவி பொதுவாகப் பயிற்சி பெற்ற ஒருவரால் ஓர் இசை மரபுக்குள் வாசிக்கப்படுகின்றது. ஒலிச் சிற்பத்தின் வடிவம் ஒலிக்கு இணையான முக்கியத்துவம் உடையது. அதை ஒலிக்கச் செய்ய முன்பயிற்சி தேவையில்லை. பூங்கா, பள்ளி வளாகம், அருங்காட்சியகம் போன்ற பொது இடங்களில் நிலையாக நிறுவப்படும்போது அது நிறுவல் கலையின் ஒரு பிரிவாகவும் கருதப்படுகின்றது.

முன்னோடி வடிவங்கள்

ஒலிக்கும் பாறைகள்

கர்நாடகத்தின் பல்லாரி மாவட்டத்தில் உள்ள குப்கல் குன்றில், தட்டினால் மணி போன்று ஒலிக்கும் பாறைகள் உள்ளன. மீண்டும் மீண்டும் தட்டியதால் உண்டான குழிகள் அவற்றில் காணப்படுகின்றன. இப்பகுதியில் புதிய கற்கால மக்கள் வாழ்ந்ததற்கான சான்றுகளும் பாறைச் செதுக்கல்களும் கிடைத்துள்ளன. இவ்விடத்தை அண்மித்த கற்சுரங்கப் பணிகள் இப்பாறைகளுக்கு அச்சுறுத்தலாக இருந்தமை 2000களில் ஆய்வாளர்களால் சுட்டிக்காட்டப்பட்டது.

கோயில் இசைத்தூண்கள்

தமிழகக் கோயில்களில் உள்ள இசைத்தூண்கள் கருங்கல்லால் ஆன ஒலிச் சிற்பங்கள் எனலாம். ஒரே கல்லிலிருந்து நடுவில் ஒரு பெருந்தூணும் அதைச் சுற்றிப் பல சிறு தூண்களும் செதுக்கப்பட்டிருக்கும். சிறு தூண்களின் உயரம், பருமன், குறுக்குவெட்டு வடிவம் ஆகியவற்றுக்கு ஏற்ப அவை வெவ்வேறு சுருதிகளில் ஒலிக்கின்றன. பின்வருவன குறிப்பிடத்தக்கவை.

* மதுரை மீனாட்சி அம்மன் கோயில்: வடக்குக் கோபுரத்தின் அருகில் 5 இசைத்தூண்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நடுத்தூணைச் சுற்றி 22 சிறு தூண்கள் உள்ளன.
* திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில்: மணிமண்டபத்தில் உள்ள இசைத்தூண்கள். ஒரு பெருந்தூணைச் சுற்றி 48 சிறு தூண்கள் அமைந்த தொகுதி இங்கு உண்டு.
* சுசீந்திரம் தாணுமாலயன் கோயில்: அலங்கார மண்டபத்தில் உள்ள இசைத்தூண்கள்.
* தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்: இங்கு ஒலிப்பவை தூண்கள் அல்ல. பலிபீடத்தின் அருகில் உள்ள கற்படிகள் தட்டும்போது வெவ்வேறு சுரங்களில் ஒலிக்கின்றன.

இசைத்தூண்களைச் சுருதித் தூண், கணத் தூண், லயத் தூண் என மூன்றாக வகுப்பது மரபு.

இத்தூண்கள் உள்ளே குடையப்பட்டவை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் கர்நாடகத்தின் ஹம்பி விட்டலர் கோயில் தூண்களை அவற்றுக்குச் சேதம் விளைவிக்காத முறைகளில் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அத்தூண்கள் குழாய்கள் அல்ல, திண்மமானவை என்பதும், அவற்றின் ஒலி பெரும்பாலும் தூண் வளைந்து அதிர்வதால் உண்டாகின்றது என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தன.

20ஆம் நூற்றாண்டு

இத்தாலியக் கலைஞர் லூயிஜி ருசோலோ 1913ஆம் ஆண்டு இரைச்சலையும் இசையாகக் கொள்ள வேண்டும் என்ற அறிக்கையை வெளியிட்டு, அதற்கான பெட்டி வடிவக் கருவிகளையும் செய்தார். அக்கருவிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அழிந்தன. இன்று காணப்படுபவை பிற்காலத்தவர் மீண்டும் செய்தவையாகும்.

இத்தாலியில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த ஹாரி பெர்டோயா (1915 – 1978), ஒரு தளத்தில் வரிசையாக நட்ட உலோகக் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும் சிற்பங்களைச் செய்தார். ஜெர்மானியச் சிற்பி எல்மார் டாவ்கர் (1932 – 1989) 1970களில் கருங்கல்லில் ஆழமான இணை வெட்டுகளை இட்டு, ஈரக் கையால் தேய்த்தால் ஒலிக்கும் கற்களை உருவாக்கினார்.

பாஷே சகோதரர்கள்

பெர்னார் பாஷே (1917 – 2015) பொறியியலாளர். பிரான்சுவா பாஷே (1920 – 2014) சிற்பி. தம் பயணங்களில் எளிதாக எடுத்துச் செல்வதற்காகக் காற்றடைத்து விரிக்கக்கூடிய கித்தார் ஒன்றைப் பிரான்சுவா செய்துகொண்டது இவர்களின் ஆய்வுகளுக்குத் தொடக்கமாக அமைந்தது. இருவரும் இசைக்கருவிகள் ஒலிக்கும் முறையை அடிப்படையிலிருந்து ஆராய்ந்து, 1950களில் தமது ஒலிக் கட்டமைப்புகளை உருவாக்கத் தொடங்கினர். 1965ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவர்களின் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மின்சாரம் இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல், முற்றிலும் இயந்திர முறையில் ஒலியைப் பெருக்குவது இவர்களின் தனித்தன்மை ஆகும்.

கிரிஸ்டல் பாஷே

1952ஆம் ஆண்டு உருவான கிரிஸ்டல் பாஷே இவர்களின் மிகவும் அறியப்பட்ட படைப்பாகும். கிடையாக வரிசைப்படுத்தப்பட்ட கண்ணாடிக் கோல்களை நீரில் நனைத்த விரல்களால் தேய்த்து இது ஒலிக்கப்படுகின்றது. விரலுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒட்டலும் வழுக்கலும் மாறி மாறி நிகழ்வதால் அதிர்வு உண்டாகின்றது. வில்லால் வயலின் நரம்பை இழுக்கும்போது நிகழ்வதும் இதுவே. கண்ணாடியின் அதிர்வு அதனுடன் இணைந்த உலோகத் தண்டுக்குச் செல்கின்றது. சுருதியைத் தீர்மானிப்பது அத்தண்டே. பின்னர் அதிர்வு ஓர் உலோகத் தளத்தின் வழியாகப் பெரிய உலோகத் தகட்டுக்கும் கண்ணாடியிழைக் கூம்புகளுக்கும் சென்று காற்றில் பரவுகின்றது.

நான்கு உறுப்புகள்

எந்த ஒலிக் கட்டமைப்பிலும் பின்வரும் நான்கு உறுப்புகள் இருக்கும் என்பது பாஷே சகோதரர்களின் பகுப்பாகும்.

* அதிரும் பொருள் – கம்பி, தண்டு, தகடு, கண்ணாடி முதலியன.
* ஆற்றல் தரும் முறை – தட்டுதல், தேய்த்தல், மீட்டல்.
* சுருதியை மாற்றும் அமைப்பு – நீளம், பருமன், இணைக்கப்பட்ட எடை.
* ஒலியைப் பெருக்கிப் பரப்பும் அமைப்பு – தகடு, கூம்பு, பெட்டி.

இந்நான்கையும் தனித்தனியே எண்ணி, வேண்டியவாறு இணைத்தால் இதுவரை இல்லாத கருவிகளையும் அமைக்க முடியும். பாஷே முறை மாணவர்களுக்குக் கற்பிக்க ஏற்றதாக அமைந்தமைக்கு இப்பகுப்பின் எளிமையே முக்கியக் காரணமாகும். ஒரு சிற்பத்தைப் பார்த்து அவ்வாறே செய்வதற்குப் பதிலாக, அதன் இலக்கணத்தைக் கற்றுப் புதியதொன்றைச் செய்ய இது வழி தருகின்றது.

சிறுவர் கருவித் தொகுதி

பெர்னார் பாஷே 1970களின் பிற்பகுதியில் குழந்தைகளுக்கெனக் கற்பித்தல் கருவித் தொகுதி ஒன்றை உருவாக்கினார். இதில் தட்டியும் தேய்த்தும் வாசிக்கும் பல சிறிய ஒலிச் சிற்பங்கள் உள்ளன. இசைக்குறியீடு அறியாத குழந்தைகளும், மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் பிழை என்ற அச்சமின்றி ஒலியுடன் பழகுவதே இதன் நோக்கம்.

ஒசாக்கா சிற்பங்களும் மாணவர்களும்

1970ஆம் ஆண்டு மார்ச்சு முதல் செப்டம்பர் வரை ஜப்பானின் ஒசாக்காவில் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதில் இரும்பு எஃகுத் துறையினர் அமைத்த அரங்கின் இசைப் பொறுப்பு இசையமைப்பாளர் தோரு தகெமித்சுவிடம் இருந்தது. அவ்வரங்குக்காகப் பிரான்சுவா பாஷே ஜப்பானுக்குச் சென்று அங்கேயே 17 ஒலிச் சிற்பங்களைச் செய்தார். அப்பணியில் தமக்கு உதவிய ஜப்பானியர்களின் பெயர்களைச் சிற்பங்களுக்கு இட்டார். இகெதா, தகாகி, கவகாமி, காத்சுஹாரா, வதனபே முதலிய பெயர்களால் அவை இன்றும் அறியப்படுகின்றன.

கண்காட்சி முடிந்தபின் சிற்பங்கள் பிரிக்கப்பட்டுச் சேமிப்பறைகளுக்குச் சென்றன. பல பத்தாண்டுகள் அவை ஒலிக்கவில்லை. பழைய எஃகு அரங்கம் 2010ஆம் ஆண்டு கண்காட்சியின் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டதை ஒட்டிச் சீரமைப்புப் பணிகள் தொடங்கின. தொடர்ந்து 2010களில் கியோத்தோ நகரக் கலைப் பல்கலைக்கழகமும் தோக்கியோ கலைப் பல்கலைக்கழகமும் இப்பணியில் ஈடுபட்டன. காத்சுஹாரா சிற்பம் 2017ஆம் ஆண்டு தோக்கியோவில் பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையின் உதவியுடன் மீட்கப்பட்டது.

இத்தகைய பணி ஓவியச் சீரமைப்பிலிருந்து வேறுபட்டது. ஓவியத்தில் நிறமும் கோடும் பழைய நிலையில் இருந்தால் போதும். ஒலிச் சிற்பத்தில் உறுப்புகள் அனைத்தும் இருந்தாலும் ஒரு திருகு தளர்ந்திருந்தால் அதிர்வு அங்கேயே நின்றுவிடும். எனவே சீரமைப்பவர் முதலில் அதைச் செய்யக் கற்க வேண்டியுள்ளது.

அதற்கான அறிவு ஸ்பெயினிலிருந்து கிடைத்தது. பார்சலோனா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடத்தில் பாஷே முறையைக் கற்பிக்கும் பட்டறை இயங்கி வருகின்றது. அங்கு பயின்று தேர்ந்தவர்கள் ஜப்பானியச் சீரமைப்புப் பணிகளுக்கு உதவினர். பாஷே சகோதரர்கள் மறைந்த பின்னரும் சிற்பங்கள் மீண்டும் ஒலித்தமைக்கு, அவர்களின் முறை வேறு கைகளுக்கு முன்பே மாறியிருந்ததே காரணமாகும்.

ஆரோவில்

ஆரோவில் 1968ஆம் ஆண்டு பெப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட பன்னாட்டு நகரியம் ஆகும். புதுச்சேரி நகரிலிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. இங்கு 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஸ்வரம்' என்னும் இசைக்கருவிப் பட்டறை, சுற்றியுள்ள கிராமங்களின் இளைஞர்களுக்குக் கருவி செய்யும் தொழிலைப் பயிற்றுவித்து வருகின்றது.

மரவேலை, உலோகவேலை, சுருதி சேர்த்தல் ஆகியவை இங்கு ஒருங்கே தேவைப்படுகின்றன. காற்றுமணிகள், சேகண்டி வகைகள், நாக்கு வடிவில் வெட்டப்பட்ட முரசுகள், தேய்த்து ஒலிக்கும் கற்கள் முதலியன செய்யப்படுகின்றன. பொது இடங்களுக்கான ஒலித் தோட்டங்களும் அமைக்கப்படுகின்றன. ஒலித் தோட்டம் என்பது பல ஒலிச் சிற்பங்களை வெளியில் நிறுவி, வருவோர் ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்க்கும்படி அமைத்த இடமாகும்.

டாவ்கர் கண்ட ஒலிக்கும் கல்லுக்கு இப்பகுதி பொருத்தமான களமாகும். தமிழகத்தில் கருங்கல்லும், அதை வெட்டி இழைக்கும் கைத்திறனும் நெடுங்காலமாக உள்ளன. கோயில் சிற்பிகள் கல்லைத் தட்டி, அதன் ஒலியைக் கொண்டே அதில் வெடிப்பு உண்டா எனத் தேர்வர். சிற்ப நூல்கள் கல்லை ஆண், பெண், அலி என ஒலியின் அடிப்படையில் பகுப்பதும் இம்மரபைச் சார்ந்ததே.

அடிப்படை இயற்பியல்

வீணை நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் அதிர்வெண் இரு மடங்காகும். அதாவது அடுத்த மேல் சட்சம் கிடைக்கும். வளைந்து அதிரும் தண்டுகளுக்கும் குழாய்களுக்கும் இவ்விதி பொருந்தாது. அவற்றின் அதிர்வெண் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகின்றது. எனவே நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் 4 மடங்காகும். மேல் சட்சம் பெற நீளத்தை ஏறத்தாழ 0.707 மடங்காகக் குறைத்தால் போதுமானது.

இதைக் கொண்டு ஒரே வகைக் குழாயிலிருந்து ஏழு சுரங்களுக்கான நீளங்களைக் கணக்கிடலாம். பின்வரும் அட்டவணையில் சட்சத்துக்கான குழாய் 60 செ.மீ. எனக் கொண்டு, சங்கராபரணத்தின் சுரங்கள் கணக்கிடப்பட்டுள்ளன.

* ச – விகிதம் 1 – 60.0 செ.மீ.
* ரி – விகிதம் 9/8 – 56.6 செ.மீ.
* க – விகிதம் 5/4 – 53.7 செ.மீ.
* ம – விகிதம் 4/3 – 52.0 செ.மீ.
* ப – விகிதம் 3/2 – 49.0 செ.மீ.
* த – விகிதம் 5/3 – 46.5 செ.மீ.
* நி – விகிதம் 15/8 – 43.8 செ.மீ.
* மேல் ச – விகிதம் 2 – 42.4 செ.மீ.

இரு முனைகளும் தளர்வாக உள்ள குழாய் அதிரும்போது, ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தின் 22.4 விழுக்காட்டுத் தொலைவில் உள்ள புள்ளி ஏறத்தாழ அசையாமல் இருக்கும். இது கணு எனப்படும். குழாயைத் தொங்கவிடும் கயிறோ தாங்கும் மெத்தையோ இங்கேயே அமைய வேண்டும். 60 செ.மீ. குழாய்க்கு இது முனையிலிருந்து சுமார் 13.4 செ.மீ. ஆகும். வேறிடத்தில் பிடித்தால் ஒலி விரைவில் அடங்கிவிடும். குழாயின் நடுவைப் பிடித்துக்கொண்டு தட்டிப் பார்த்தால் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

பள்ளி, கல்லூரி மாணவர்கள் குறைந்த செலவில் ஒலிச் சிற்பங்களை அமைக்க முடியும். பின்வருவன பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறைகள் ஆகும்.

* குழாயைக் கணக்கிட்ட நீளத்தைவிடச் சற்று நீளமாக வெட்டி, முனையை அராவிச் சுருதியை உயர்த்த வேண்டும். வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது.
* ஒரே குழாயிலிருந்தோ ஒரே தொகுதியிலிருந்தோ வெட்டுவது நல்லது. சுவரின் பருமன் மாறினால் கணக்கு மாறிவிடும்.
* அராவிய முனைகளை மழுக்க வேண்டும். சிறுவர் கைபடும் இடங்களில் கூர்மை இருத்தல் கூடாது.
* தட்டும் கோலைச் சங்கிலியாலோ கயிற்றாலோ சிற்பத்துடன் பிணைக்க வேண்டும். கோலின் தலை ரப்பராகவோ மரமாகவோ இருந்தால் தேய்மானம் குறையும்.
* சக்கர நாற்காலியில் வருவோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் எட்டும் உயரத்தில் சில உறுப்புகளேனும் இருக்க வேண்டும்.
* மாற்று உறுப்புகளையும் அளவுகளையும் பதிவு செய்து வைக்க வேண்டும்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் சாதாரண இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துரு தண்டின் பருமனைக் குறைத்துச் சுருதியையும் மாற்றிவிடும். எனவே புதுச்சேரியின் உப்பளம் போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில் அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, வெண்கலம், கருங்கல் ஆகியவையே ஏற்றவை.

தொடுதலும் பாதுகாப்பும்

ஹம்பி விட்டலர் கோயிலில் பார்வையாளர்கள் தூண்களைத் தட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது. தாராசுரத்தின் இசைப்படிகள் இரும்புக் கம்பித் தடுப்புக்குள் உள்ளன. பெர்டோயாவின் சிற்பங்களையும் பல அருங்காட்சியகங்களில் தொட அனுமதி இல்லை. இத்தடைகளுக்குக் காரணம் உண்டு. கல்லாலோ நாணயத்தாலோ தட்டும்போது கருங்கல்லும் சிதறுகின்றது. ஒரு சிறு தூண் உடைந்தால் அதை மாற்ற வழியில்லை. முழுத் தொகுதியும் ஒரே கல்லால் ஆனது என்பதே அதன் பெருமையும் பலவீனமும் ஆகும்.

அதே சமயம், தொடத் தடையுள்ள ஒலிச் சிற்பத்தின் ஒலியை அடுத்த தலைமுறை அறியாமலே போகின்றது. இதற்கு மூன்று தீர்வுகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, ஒலியைப் பதிவு செய்து கேட்கச் செய்தல். இரண்டாவது, பயிற்சி பெற்ற ஒருவர் குறித்த நேரங்களில் ஒலித்துக் காட்டுதல். மூன்றாவது, மூலப் படைப்பைப் பாதுகாத்து, அதே முறையில் புதியவற்றைச் செய்து தொடுவதற்கு வைத்தல்.

மூன்றாவது முறைக்குச் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். பழமையான இசைத்தூண்களைப் பொறுத்தவரை, சிற்பி எவ்வாறு சுருதியைக் கணித்துச் செதுக்கினார் என்பதைப் படிப்படியாக விளக்கும் செயல்முறைக் குறிப்பு எதுவும் பரவலாக அறியப்படவில்லை. பாஷே சிற்பங்களைப் பொறுத்தவரை, செய்முறை நூலாகவும் பட்டறைப் பயிற்சியாகவும் மாணவர்களிடம் சேர்ந்துள்ளது. கல்லாலான முன்னவை வேலிக்குள் அமைதியாக இருக்க, திருகும் தகடுமான பின்னவை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான மௌனத்துக்குப் பின் மீண்டும் ஒலிக்க இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* இசைத்தூண்
* நிறுவல் கலை
* ஒலியியல்
* ஜலதரங்கம்
* ஆரோவில்